பழைய லாண்ட் ரோவரின் காபரேட்டரை வீட்டிலேயே புதுப்பிப்பது எப்படி?

கொழும்பில் பழைய லாண்ட் ரோவரோ வில்லிஸ் ஜீப்போ வைத்திருப்பவர்கள் சொல்லும் முறைப்பாடுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது, சிக்னலில் நின்றால் எஞ்ஜின் அணைகிறது, பெற்றோல் கண்டபடி போகிறது, சைலன்சரில் கறுப்புப் புகை. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்ஜினுக்கு ஊட்டுவது காபரேட்டர். கராஜுக்குக் கொண்டுபோனால் "காபரேட்டர் முடிஞ்சுது, புதுசு ஒன்று போடுங்க" என்ற பதில் வரும். அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டாம். வண்டியோடு வந்த பழைய காபரேட்டர் அந்த எஞ்ஜினுக்கென்று அளவெடுத்துப் போட்டது. வெடிப்பு இல்லாவிட்டால் அநேகமாக அதை மீட்டுவிடலாம். பெயர் தெரியாத மலிவான புதியதை மாட்டி, அதற்கேற்ற ஜெட் (பெற்றோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) தேடி அலைவதைவிட இது நல்ல வழி.

காபரேட்டர் பார்ப்பதற்குச் சிக்கலாக இருந்தாலும் அடிப்படையில் மூன்று காரியங்கள் சரியாக இருந்தால் வேலை செய்யும். காபரேட்டரில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்தில் அது சரியான மட்டத்தில் நிற்க வேண்டும். பெற்றோலும் காற்றும் போகிற நுண்ணிய துளைகள் சுத்தமாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று பொருந்தும் உலோக முகங்கள் தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாத இடத்தால் காற்று நுழையும். கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் இந்த மூன்றுக்காகத்தான். எங்காவது குழம்பினால், இப்போது செய்வது மட்டத்துக்கா, துளைக்கா, முகத்துக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

கழற்றும் முன்

முதலில் குற்றவாளி காபரேட்டர்தானா என்று உறுதி செய்யுங்கள். பொயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளக்கின் பொறிக்கான தொடுமுனை) தேய்ந்த வண்டியும் காபரேட்டர் கெட்ட வண்டி மாதிரியே இருமும். லாண்ட் ரோவரின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்ஜினில் பொயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதைச் சரிபார்த்து, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கறுப்புப் புகைக்கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. வெளிர் மண்ணிறமாக இருந்தால் கலவை சரி, நோய் வேறெங்கோ இருக்கிறது.

பெற்றோல் பம்பின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். துரும்பும் தண்ணீரும் கிடந்தால் டாங்கிலிருந்தே அழுக்கு வருகிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் காபரேட்டரை மட்டும் பளபளப்பாக்கினால் ஒரு வாரத்தில் பழைய கதைதான். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது பல பழைய ஜீப்புகள் மாதக்கணக்கில் நின்றுவிட்டன. நின்ற வண்டியின் கிண்ணத்தில் பெற்றோல் ஆவியாகி, அடியில் தேன் நிறத்தில் பிசின் போலப் படியும். முதலில் அடைபடுவது வண்டி நிற்கும்போது எஞ்ஜினை ஓடவைக்கும் ஐட்லிங் ஜெட்தான், அதன் துளைதான் மிகச் சிறியது. அக்சலரேட்டரை மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது என்றால் அநேகமாக இதுவே காரணம்.

அப்புறம், உங்கள் வண்டியில் இருப்பது எந்தக் காபரேட்டர் என்று பாருங்கள். உடலிலேயே பெயர் வார்த்திருக்கும். சீரிஸ் (1, 2, 3 என்று வந்த பழைய மொடல்) லாண்ட் ரோவர்களில் பழையவற்றில் சொலெக்ஸும், பிந்தியவற்றில் செனித் 36 ஐவியும் வந்தன. பலர் இடையில் வெபர் 34 ஐசிஎச் மாற்றியிருப்பார்கள். வில்லிஸ் ஜீப் என்றால் கார்ட்டர். கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை நம்பிப் பாகம் வாங்க வேண்டாம். கண்ணால் பார்த்த பெயரையும் இலக்கத்தையும் நம்புங்கள். இந்தக் கட்டுரையில் செனித்தை முன்வைத்துச் சொல்கிறேன், மற்றவை வேறுபடும் இடத்தில் குறிப்பிடுகிறேன்.

சாமான் வாங்குவது

வேறெங்கும் அலையாமல் நேரே பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். ஸ்ரீ சங்கராஜ மாவத்தைப் பக்கம் இறங்கி, பழைய ஆங்கிலேய வண்டிகளின் பாகம் விற்கும் கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள். காபரேட்டரின் படத்தையும், உடலில் உள்ள இலக்கத்தின் கிட்டப் படத்தையும் கைபேசியில் எடுத்துச் செல்லுங்கள். "நானா, லாண்ட் ரோவர் செனித்துக்குக் கிட் இருக்கா?" என்று கேட்டால், "எந்த மொடல்? கழட்டிக் கொண்டு வந்தீங்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பார். கழற்றியதையே கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது. கிட்டைப் பிரித்து, காஸ்கெட்டின் (பாகங்களுக்கு இடையே ஒழுக்கைத் தடுக்க வைக்கும் தாள்) துளைகள் உங்கள் காபரேட்டர் உடலின் துளைகளோடு ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். வாங்கியபின் மாற்றித் தருவது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது.

கிட்டில் காஸ்கெட்டுகள், புளோட் நீடில் வால்வு (கிண்ணத்தில் மிதக்கும் புளோட் உயரும்போது பெற்றோல் வரவை அடைக்கும் ஊசி), அதற்கான வாஷர், ஓ-ரிங், அக்சலரேட்டரை மிதிக்கும்போது பெற்றோலைப் பீச்சும் பம்பின் டயப்ரம் (சவ்வு) அல்லது பிஸ்டன் இருக்க வேண்டும். நீடில் வால்வு இல்லாத கிட் வெறும் கடதாசிக் கட்டு, அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

மற்றச் சாமான்களைப் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் எடுக்கலாம். காபரேட்டர் கிளீனர் ஸ்பிரே இரண்டு டின், 400, 600 இலக்க நீர் எமரித் தாள், 5 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பில் ஒரு கண்ணாடித் துண்டு, மெல்லிய நைலோன் தூரிகை, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்). ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஜெட்டுகள் பித்தளை. வெட்டின் அகலத்தையும் தடிப்பையும் நிறைக்கும் டிரைவர் வேண்டும். ஒல்லியான டிரைவரால் திருகினால் பித்தளை நொறுங்கி, ஜெட் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சீரிஸ் வண்டிகளில் பிஎஸ்எஃப் என்ற பழைய பிரித்தானிய அளவுப் போல்ட்டுகளும் கலந்திருக்கும். மில்லிமீட்டர் ஸ்பானர் அவற்றைச் சரியாகப் பிடிக்காது, தலையை உருட்டிவிடும்.

கழற்றுதல்

திறந்த இடத்தில் செய்யுங்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். சிகரெட் மட்டுமல்ல, பக்கத்தில் புகையும் நுளம்புச் சுருளும் ஆபத்துதான். தீயணைக்கும் கருவியொன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். எஞ்ஜின் ஆறியபின் பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் படம் எடுங்கள். எயார் பில்டர் குழாய், சோக் (குளிர்ந்த எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் அமைப்பு) கம்பி, அக்சலரேட்டர் தண்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெற்றிடக் குழாய், பெற்றோல் குழாய் என்ற வரிசையில் போகலாம். பெற்றோல் குழாயின் நட்டைத் திருப்பும்போது மறுபக்கத்தை இன்னொரு ஸ்பானரால் பிடியுங்கள், இல்லாவிட்டால் செம்புக் குழாய் முறுகும். வடியும் பெற்றோலை மூடியுள்ள டின்னில் பிடியுங்கள், கானுக்குள் ஊற்றாதீர்கள். அடி நட்டுகள் கழன்றதும் காபரேட்டரைச் சாய்க்காமல் தூக்கி, மேனிபோல்ட் (கலவையை எஞ்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்) வாயில் உடனே ஒரு துணியைத் திணியுங்கள். அங்கே விழுகிற ஒரு நட்டு நேரே எஞ்ஜினுக்குள்தான் போகும்.

இனி மேசை வேலை. வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். சிறு குண்டோ கிளிப்போ விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், உருண்டு ஓடவும் மாட்டாது.

எதையும் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கலவை ஸ்க்ரூவை, அதாவது அடிப்பகுதியில் ஸ்பிரிங்கோடு இருக்கும் கூர்முனை ஸ்க்ரூவை, மெதுவாக உள்ளே திருகிக்கொண்டே எத்தனை சுற்றில் அடியைத் தொடுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டதும் நிறுத்துங்கள். இறுக்கினால் முனையில் வளையமாக வடு விழும், பிறகு நுண்ணிய சரிசெய்தல் அதில் வராது.

செனித்தின் மேல்மூடி ஸ்க்ரூக்களைக் கழற்றி நேராகத் தூக்கினால் புளோட்டும், ஜெட்டுகள் பொருந்தியிருக்கும் எமல்ஷன் புளொக்கும் கண்ணுக்குத் தெரியும். புளோட்டின் அச்சுக்கம்பியைத் தள்ளி எடுத்து, நீடிலையும் அதன் இருக்கையையும் கழற்றுங்கள். பிறகு ஜெட்டுகள். ஒவ்வொரு ஜெட்டிலும் ஓர் இலக்கம் பொறித்திருக்கும். எந்தத் துளையில் எந்த இலக்கம் இருந்தது என்று எழுதி வையுங்கள். பம்ப் பக்கத்தைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது கையைக் குழித்துப் பிடியுங்கள். பல காபரேட்டர்களில் அங்கே கடுகளவு இரும்புக் குண்டொன்று வால்வாக இருக்கும், சத்தமில்லாமல் விழுந்துவிடும். கார்ட்டர் என்றால் மீட்டரிங் கம்பி என்ற மெல்லிய தண்டு, வண்டி ஓடும்போது பெற்றோல் தரும் மெயின் ஜெட்டுக்குள் இறங்கியிருக்கும். மூடியைத் தூக்கும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும், வளைந்தால் அளவு போய்விடும். சொலெக்ஸில் சோக்குக்கு மேல்வாயில் தட்டு இருக்காது. பக்கத்தில் தனியாக ஒரு சுழல்தட்டு வால்வு இருக்கும். அதன் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், ஒழுகினால் வண்டி எப்போதும் சோக் இழுத்தபடியே ஓடும்.

சுத்தம் செய்தல்

ரப்பர், டயப்ரம், காஸ்கெட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உலோகப் பாகங்களுக்கு மட்டும் ஸ்பிரே அடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளையால் பீறிக்கொண்டு வரும், அது நேரே முகத்துக்குத்தான் வரும். எந்தத் துளையில் அடித்தது எங்கே வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியே வராத பாதை இன்னும் அடைபட்டிருக்கிறது. ஸ்பிரேயில் ஊறவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடியுங்கள். டயர் கடையில் காற்றுக் குழாயைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

ஜெட் துளைக்குள் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். அந்தத் துளையின் அளவுதான் காபரேட்டரின் அளவு. பித்தளை மிருதுவானது, கம்பி ஒரு தடவை உரசினாலே துளை பெரிதாகும், வண்டி பெற்றோல் குடிக்கத் தொடங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுத்தமான ஜெட்டில் வட்டம் விளிம்பு கலையாமல் தெரியும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் கிண்ணத்தின் உள்ளேயும் வெளியேயும் வெள்ளைத் தூள் பூத்திருக்கும். உப்பும் ஈரமும் அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையையும் தின்ற அடையாளம் அது. இதை எடுக்க நைலோன் தூரிகையும் பொறுமையும் போதும். கோஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம், உலோகத்தையே கரைத்துவிடும். குத்துவிளக்கு விளக்குவதுபோலப் புளியும் தேசிக்காயும் போடுவதும் தவறு. பித்தளைக்குச் சரியாக இருப்பது துத்தநாகக் கலவைக்கு ஆகாது.

முகமும் புளோட்டும்

செனித்தின் பெரிய நோய் இங்கேதான் இருக்கிறது. ஒழுக்கை நிறுத்துவதற்காகப் பல கைகள் மூடி ஸ்க்ரூக்களை ஆண்டாண்டாக இறுக்கியிருக்கும். அதனால் மேல்மூடியின் முகம் ஓரங்களில் கீழே வளைந்து நடுவில் எழும்பிவிடும். அந்த இடைவெளியால் பெற்றோலும் காற்றும் வழிமாறி ஓடும். கலவை ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் எஞ்ஜினில் மாற்றமே தெரியாது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புதுக் காஸ்கெட் மட்டும் போட்டால் சரியாகாது.

மூடியைக் கண்ணாடிமேல் முகம் கீழாக வைத்துச் சுற்றிவர பீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் வளைவு இருக்கிறது. கண்ணாடிமேல் 400 எமரித் தாளை ஈரமாக விரித்து, ஒரு துளி சவர்க்காரத் தண்ணீர் விட்டு, மூடியை எட்டு வடிவில் தேயுங்கள். பாரம் போட வேண்டாம், மூடியின் சொந்தக் கனமும் விரல் நுனியும் போதும். சில நிமிடத்தில் எடுத்துப் பார்த்தால் உயர்ந்த இடம் மட்டும் புதுவெள்ளியாக மின்னும், பள்ளம் கறுத்தே இருக்கும். மின்னல் மெல்ல மெல்லப் படர்ந்து முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகும் வரை தொடருங்கள், 600இல் முடியுங்கள். எமல்ஷன் புளொக்கின் முகத்தையும் கிண்ணத்தின் விளிம்பையும் அதேபோல் சோதியுங்கள். கூர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் ஏதும் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தேயுங்கள். முடிந்ததும் எல்லாத் துளையையும் மறுபடி கழுவிக் காற்றடிக்க வேண்டும். எமரித் தூசு ஜெட்டுக்குள் போனால் செய்த வேலையெல்லாம் வீண்.

பித்தளைப் புளோட் என்றால் சுடுநீரில் அமிழ்த்திப் பிடியுங்கள். குமிழி வந்தால் ஓட்டை. உள்ளே பெற்றோல் புகுந்த புளோட் தாழ்ந்து மிதக்கும், மட்டம் ஏறிக் கிண்ணம் வழியும். மெல்ல ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் முதலில் உள்ளே உள்ள பெற்றோலை முழுவதும் வெளியேற்றாமல் சூடு வைக்கக் கூடாது. புதுப் புளோட் கிடைத்தால் அதையே போடுங்கள். பழைய நீடிலின் கூம்பு முனையில் வளையமாகத் தேய்மானம் தெரியும். அதையும் இருக்கையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வீட்டில் செய்ய முடியாத வேலை ஒன்று மட்டும் உண்டு. த்ரொட்டில் (எஞ்ஜினுக்குப் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டு) தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் துளை தேய்ந்துவிட்டது, அதனால் காற்று இழுக்கும், ஐட்லிங் ஒருநாளும் நிலைக்காது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பித்தளைப் புஷ் (உள்வளையம்) அடிக்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், ஆனால் தண்டு நேர்கோட்டில் வர வேண்டும். காபரேட்டர் வேலை தெரிந்த பாஸ் (பட்டறைத் தொழிலாளி) யார் என்று கேட்டுப் போவது நல்லது.

பூட்டுதல்

கழற்றிய வரிசையின் மறுவரிசைதான். நீடில் இருக்கையின் கீழ் வரும் வாஷரை மறக்காதீர்கள். அதன் தடிப்பு மாறினால் பெற்றோல் மட்டமும் மாறும். புளோட்டை மாட்டி மூடியைத் தலைகீழாகப் பிடித்து, நீடில் மூடியிருக்கும் நிலையில், கிட்டோடு வந்த தாளில் சொல்லியுள்ள முகத்திலிருந்து புளோட்டின் உச்சிவரை அளந்து பாருங்கள். அளவு பிழைத்தால் நீடிலைத் தொடும் சிறு நாக்கை மட்டும் வளைக்க வேண்டும், புளோட்டை அழுத்தி வளைக்கக் கூடாது.

கிட்டில் வந்த ஓ-ரிங்கில் ஒரு துளி எண்ணெய் தடவிப் போடுங்கள். காஸ்கெட்டுகளை உலர்ந்தபடியே வைக்க வேண்டும். சிலிக்கோன் பூசும் பழக்கம் இங்கே அதிகம். அது பெற்றோலில் ஊறி, நூல் நூலாகப் பிய்ந்து ஜெட்டில் போய் அடைக்கும். முகம் தட்டையாக இருந்தால் சிலிக்கோனுக்கு வேலையே இல்லை. மூடி ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கம் தெரிந்ததும் நிறுத்துங்கள். இப்போது அளவுக்கு மீறி இறுக்கினால் கஷ்டப்பட்டுத் தேய்த்த முகத்தை நீங்களே மறுபடி வளைக்கிறீர்கள். கார்ட்டரின் பம்பில் தோல் வளையம் இருந்தால் போடும் முன் எண்ணெயில் ஊறவிடுங்கள்.

கலவை ஸ்க்ரூவை அடிவரை மெதுவாகத் திருகி ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியில் ஏற்றும்போது காபரேட்டருக்கும் மேனிபோல்ட்டுக்கும் நடுவே இருந்த தடித்த கறுப்புத் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எஞ்ஜின் சூடு கிண்ணத்துக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். மதிய வெயிலில் காலி வீதி நெரிசலில் பெற்றோல் கொதித்து வண்டி நின்றுவிடுவதற்கு இந்தத் துண்டு இல்லாததும் ஒரு காரணம்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஒருவரை அக்சலரேட்டரை மிதிக்கச் சொல்லி, த்ரொட்டில் முழுதாகத் திறந்து தானாகவே முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். சிக்கினால் அப்படியே ஓட்டக் கூடாது. பெற்றோல் பம்பில் கைநெம்பு இருந்தால் அதை அடித்துக் கிண்ணத்தை நிரப்பி, சற்றுநேரம் பொறுத்து ஒழுக்கு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். யாராவது இடையில் மின்சாரப் பம்ப் பூட்டியிருந்தால் அதன் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பழைய நீடிலுக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் தள்ளினால் எவ்வளவு நல்ல நீடிலும் தாங்காது.

டியூன் செய்தல்

எஞ்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுதாகத் தள்ளப்பட்ட பிறகே டியூன் செய்ய வேண்டும். செனித்திலும் சொலெக்ஸிலும் கலவை ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெற்றோல் குறையும், வெளியே திருகினால் கூடும். கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே கொண்டுபோங்கள். எஞ்ஜின் தள்ளாடத் தொடங்கியதும் மெல்ல வெளியே எடுங்கள். ஓட்டம் சீராகி வேகம் கூடும். இனிமேல் கூடவில்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு த்ரொட்டில் நிறுத்த ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, கலவையை மறுபடி ஒருதரம் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால் மாறிமாறிச் செய்ய வேண்டும். பழைய 2.25 எஞ்ஜின் நிமிடத்துக்கு 500 சுற்று அளவிலேயே அமைதியாக நிற்கக்கூடியது. அதன் கொம்ப்ரெஷன் விகிதம் 7 அல்லது 8க்கு 1 என்பதால் 92 ஒக்டேன் பெற்றோலே தாராளம்.

கலவை ஸ்க்ரூ ஐட்லிங்கை மட்டும்தான் ஆளும். ஏற்றத்தில் இழுவை இல்லை என்று அதைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. அது மெயின் ஜெட்டின் வேலை. கொழும்பு மட்டமான ஊர் என்பதால், முடிந்தால் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். இறங்கியதும் பிளக் நிறத்தைப் பாருங்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரியாக வைத்த வண்டி அங்கே கொஞ்சம் கறுப்பாகப் புகைத்தால் பதறி எதையும் மாற்ற வேண்டாம். கொழும்பில் ஓடும் வண்டிக்குக் கொழும்பு அளவே சரி.

வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால், புகைப் பரிசோதனைக்குப் போகும் நாளில் எஞ்ஜினை அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். பெற்றோல் வண்டிகளுக்கு அங்கே கார்பன் மொனொக்சைட் அளவைப் பார்ப்பார்கள், அது நேரே உங்கள் கலவையைக் காட்டும். தரும் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை டியூன் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஓர் எண் இருக்கும்.

முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் எஞ்ஜின் ஆறியிருக்கும்போது அடி நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். புதுக் காஸ்கெட் அமுங்கி அவை தளர்ந்திருக்கும். மூடி ஸ்க்ரூக்களைத் தொட வேண்டாம். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், பெற்றோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கிண்ணம் வற்றும்வரை எஞ்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.